இடப்பக்கம் மட்டும் ஏன் குறைந்தது? நீர்வேலி மாடொன்றின் நிகழ்வு ஆய்வு

ஆனி மாதக் கடைசியில் யாழ்ப்பாணத்து நீர்வேலியிலிருந்து மாமி தொலைபேசி எடுத்தார்.

"பத்துப் போத்தலுக்கு மேல கறந்த மாடு இப்ப ஏழுக்கு வந்திட்டுது தம்பி. தீனியில ஒரு குறையும் வைக்கேல்லை. வந்து ஒருக்காப் பார்."

பாலை இன்னும் போத்தலால் கணக்குப் பார்க்கும் தலைமுறை மாமியுடையது. ஒரு போத்தல் என்பது முக்கால் லீற்றர். ஆக, நாளுக்கு 8 லீற்றர் அளவில் நின்ற மாடு 5 கால் லீற்றருக்கு வந்திருக்கிறது. பால் சேகரிப்பு நிலையத்துக்குப் போகும் காசில்தான் மாமி வீட்டு மின்கட்டணமும் மச்சானின் ரியூசன் காசும் ஓடுகின்றன. இது சின்ன விடயமில்லை.

நான் கால்நடை வைத்தியனல்ல. கால்நடை விஞ்ஞானம் படித்தவன், அவ்வளவுதான். நோய் என்றால் பார்க்க வேண்டியவர் வேறு ஆள் என்று முதலிலேயே மாமியிடம் சொல்லிவிட்டேன். ஆனால் இந்த மாட்டுக்கு நோய் இருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

மாடு

சிவப்பி ஜேர்சிக் கலப்பு. மூன்றாவது கன்று. தை மாதக் கடைசியில் நாம்பன் கன்று போட்டாள். கறவை மாடு கன்று போட்டு ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் உச்சத்துக்கு வரும். சிவப்பியும் பங்குனியில் உச்சத்தில் நின்று, அதன்பிறகு மெதுவாக இறங்கத் தொடங்கியிருந்தாள். வைகாசி நடுவில் ஊசிமூலம் சினைப்படுத்தியது, சினை பிடித்துவிட்டது. சினையும் ஒரு கட்டத்தில் பாலைக் குறைக்கும், ஆனால் அது நாலைந்து மாதம் கடந்த பிறகு. இரண்டு மாதம்கூட ஆகாத சினையில் இவ்வளவு இறக்கம் வராது.

தீனி: தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும், வைக்கல், வேலியோரத்துக் கிளிசறியாக் குழை, கிழித்துப் போட்ட பனையோலை, அயலிலுள்ள தோட்டத்தில் குலை வெட்டிய பிறகு கிடைக்கும் வாழைத்தண்டு, ஒரு துண்டு நிலத்தில் சீஓ-3 என்ற தீவனப் புல்லு. கிணற்றுத் தண்ணீர் எப்போதும் தொட்டியில் நிற்கும். காலை ஐந்து மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் கறவை.

கேட்டுக் கேட்டு எடுத்த தகவல் இரண்டு. வைகாசி விசாகம் முடிந்த கிழமை நாம்பன் கன்றை விற்றார்கள். அதற்கடுத்த கிழமை மாமி கொட்டிலடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அன்றிலிருந்து கறப்பது மச்சான். உயர்தரம் படிக்கிறவன், ஆறு மணிக்கு ரியூசன்.

ஆளுக்கொரு காரணம்

நான் போய் இறங்குவதற்குள் ஊர் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. என்ன, ஒரு முடிவல்ல, ஆறு முடிவு.

பக்கத்து வீட்டு ஆச்சிக்கு இது நாவூறு. செத்தல் மிளகாய் சுற்றிப் போட்டும் ஆயிற்று. மாமாவுக்குப் புண்ணாக்குக் கடையில் சந்தேகம். மச்சானுக்கு வெயில். மாமிக்குத் தன் குற்ற உணர்வு: "கன்றை வித்தது பிழை. அந்த ஏக்கம்தான்." பால் கொண்டுபோகும் பெடியன், மாடு பாலை இறக்கவில்லை, பாலை இறக்கும் ஊசி போட்டுக் கறக்கலாம் என்று யோசனை சொல்லியிருந்தான். மடிநோய் என்று ஒருவர்.

இவற்றில் எதையும் நான் சிரித்துத் தள்ளவில்லை. நாவூற்றை விட்டுவிட்டால், மற்ற ஐந்தும் உண்மையாகவே மாட்டின் பாலில் கைவைக்கக்கூடியவை. வெயிலையே எடுங்கள். சோளகக் காலத்தில் நிழலில்லாத மாடு மூச்சு வாங்கும், தீனி குறைக்கும். தீனி குறைந்ததால் மட்டும்தான் பால் குறைகிறது என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். பிறகு, வெப்பத்தில் நின்ற மாடு தின்ற அளவையே குளிர்ந்த இடத்தில் நின்ற மாட்டுக்கும் கொடுத்துப் பார்த்தபோது, தீனிக் குறைவு அந்த இழப்பில் ஏறக்குறையப் பாதியைத்தான் விளக்கியது. மீதி வெப்பமே உடலுக்குள் செய்த வேலை.

ஆனால் இந்த ஐந்தையும் இரண்டு கூடையாகப் பிரிக்க ஒரு கேள்வி போதும். நான்கு காம்பிலும் குறைந்ததா, சிலதில் மட்டும் குறைந்ததா?

ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லாப் பாலும் ஒரே வாளிக்குள் போகிறது, பிறகு எப்படித் தெரியும்!

இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மாட்டின் மடி வெளியில் ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நான்கு தனிச் சுரப்பிகள். ஒன்றின் பால் மற்றதற்குள் போகாது. இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் நடுவில் ஒரு தடித்த நார்த்திரை பிரிக்கிறது. பின்னிரண்டும் பெரியவை, மொத்தப் பாலில் 60 வீதம் அளவில் அவற்றிலிருந்து வரும், முன்னிரண்டிலிருந்து 40. ஆனால் நான்குக்கும் போவது ஒரே குருதி. புண்ணாக்கு பழுதானால் அந்தக் குறை நான்குக்கும் போகும். வெயில், சினை, கன்றின் ஏக்கம், மூளையடியிலுள்ள கபச்சுரப்பியின் ஓமோன் எல்லாமே குருதிவழிச் சமாச்சாரம். நான்கும் சேர்ந்து இறங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் காரணம் அந்தப் பக்கத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

நான்கு சாடி

மறுநாள் காலை ஒரே அளவான நான்கு பிளாஸ்ரிக் அளவுச் சாடிகளோடு குந்தினேன். மச்சான் வழமைபோலக் கறந்தான். ஒவ்வொரு காம்புக்கும் ஒரு சாடி.

வலப் பின் காம்பு 1150 மில்லிலீற்றர். வல முன் 800. இடப் பின் 750. இட முன் 400.

மாமி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பக்கம் செத்துப் போச்சோ?" என்றார்.

வலப்பக்கம் 1950, இடப்பக்கம் 1150. உச்சம் கழிந்த மாடு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவது வழமை. அதைக் கழித்துப் பார்த்தால் வலப்பக்கம் ஏறக்குறைய இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. விழுந்ததில் பெரும்பங்கு இடப்பக்கத்தில். புண்ணாக்குக் கடைக்காரர் தப்பினார். கன்றின் ஏக்கமும் தப்பியது என்றே அப்போது நினைத்தேன். அதில் எனக்குப் பாதி பிழை, பிறகு சொல்கிறேன்.

ஒரு பக்கக் குறைவு என்றதும் முதலில் விலக்க வேண்டியது மடிநோய். மாமி தன் சோதனையை ஏற்கெனவே செய்திருந்தார்: ஒவ்வொரு காம்பிலும் ஒரு துளியை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பது. உப்புக் கரித்தால் நோய். பச்சைப் பாலை வாயில் வைப்பது நல்ல பழக்கமில்லை என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சோதனைக்குப் பின்னால் இரசாயனம் இருக்கிறது. பால் சுரக்கும் கலங்கள் (செல்கள்) ஒன்றோடொன்று இறுக்கமாகத் தைத்ததுபோல ஒட்டி நிற்கின்றன. அந்தத் தையல் நன்றாக இருக்கும்வரை குருதிப் பக்கத்துச் சோடியமும் குளோரைட்டும் பாலுக்குள் வர முடியாது. அழற்சியில் தையல் விட்டுப்போகும், உப்பு உள்ளே வரும், பாலின் இனிப்பு வெளியே போகும்.

கரிக்கவில்லை. நண்பரொருவரிடமிருந்து மடிநோயைக் கண்டுபிடிக்கும் கலிபோர்னியாச் சோதனைத் தட்டு வாங்கி வந்து அதையும் செய்தேன். 1957இல் ஷாம், நூர்லாண்டர் என்ற இருவர் உருவாக்கிய எளிய முறை அது. நான்கு குழியில் நான்கு காம்புப் பால், ஊதா நிறக் கரைசல், ஒரு சுழற்று. வெண்குருதிக் கலங்கள் நிறைந்திருந்தால் அவை உடைந்து, உள்ளிருக்கும் டிஎன்ஏ கூழாகத் திரளும். நான்கு குழியும் தண்ணீர் மாதிரி ஓடின. காம்பில் காயமில்லை, கட்டியில்லை, சூடில்லை.

சரி. நோயில்லை, தீனியில்லை. ஒரே குருதியில் நிற்கும் இரண்டு பக்கம் இப்படி வேறுபட மிஞ்சியிருப்பது ஒன்றுதான்: ஒரு பக்கம் முழுதாக வெறுமையாகிறது, மற்றது ஆகவில்லை.

கலத்துக்குள் நடப்பது

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

இலங்கைப் பாடப்புத்தகங்கள் செல்லுக்குக் கலம் என்ற சொல்லைப் பயன்படுத்துகின்றன. பால் வாங்கும் பாத்திரத்துக்கும் கலம் என்றுதான் பழைய பெயர். மடி விடயத்தில் இரண்டு பொருளும் பொருந்திவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான சிற்றறைகள், ஒவ்வொன்றும் ஒரு குமிழி. குமிழியின் சுவர் ஒரே வரிசைக் கலங்களால் ஆனது. கலத்தின் ஒரு பக்கம் குருதி, மறுபக்கம் குமிழியின் உட்குழி. குருதியிலிருந்து மூலப்பொருளை வாங்கிப் பாலாக்கி உட்குழிக்குள் விடுவது அதன் தொழில். ஒரு லீற்றர் பாலுக்கு 400, 500 லீற்றர் குருதி மடிக்குள்ளால் ஓட வேண்டியிருக்கிறது.

எவ்வளவு பால் என்பதை அனேகமாகத் தீர்மானிப்பது இலக்ரோசு, பாலிலுள்ள சீனி. கலத்துக்குள் இருக்கும் கொல்கி உடலில் குளுக்கோசும் கலக்ரோசும் இணைந்து அது உருவாகிறது. அல்ஃபா இலக்ரல்புமின் என்ற புரதம் இல்லாமல் இந்த இணைப்பு நடக்காது. உருவான இலக்ரோசு வெளியே நழுவ முடியாமல் தண்ணீரைத் தன்னோடு இழுக்கிறது. பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்குத் துண்டை வைத்துக் காட்டிய அதே பிரசாரணம். பாலில் இலக்ரோசு நூற்றுக்கு 4.7 அளவில் பெரிய மாற்றமில்லாமல் நிற்பதற்கு இதுதான் காரணம். சீனி கூடினால் தண்ணீரும் கூடும், அளவு கூடும், செறிவு அப்படியே இருக்கும். லீற்றருக்கு 70 கிராம் அளவில் குளுக்கோசு வேண்டும். மாடு தின்னும் வைக்கலிலிருந்து குளுக்கோசு நேரடியாகக் கிடைப்பது அரிது. முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் ஆக்கும் புரொப்பியோனிக் அமிலத்தை எடுத்து ஈரல்தான் அதைச் செய்து கொடுக்கிறது. எல்லோரும் புண்ணாக்கைப் பற்றிக் கவலைப்படுவது இந்த இடத்தில் நியாயம்.

ஆனால் மூலப்பொருள் இருந்தால் மட்டும் கலம் வேலை செய்துகொண்டே இருக்காது. உட்குழியில் பால் தேங்கினால் கலம் தன் வேகத்தைக் குறைக்கிறது. இந்தக் கட்டளை மூளையிலிருந்து வருவதில்லை, அந்த இடத்திலேயே பிறக்கிறது. லின்செல் என்ற ஆங்கிலேய உடற்றொழிலியலாளர் 1960களில் ஆட்டின் மடியைக் கழுத்துக்கு இடம்மாற்றிப் பொருத்தினார். நரம்புத் தொடர்பு முற்றாக அறுந்த அந்த மடியும் பால் சுரந்தது. பிறகு ஸ்கொட்லாந்தில் ஏர் நகருக்கு அருகிலிருந்த ஹன்னா ஆய்வு நிலையத்தில் பீக்கரும் உடனிருந்தவர்களும் ஆட்டின் ஒரு பக்க மடியை மட்டும் நாளுக்கு மூன்று தரம் கறந்தார்கள். மறுபக்கம் வழமைபோல இரண்டு தரம். ஒரே ஆடு, ஒரே தீனி, ஒரே குருதி. மூன்று தரம் கறந்த பக்கத்தில் மட்டும் பால் கூடியது.

தேங்கிய பாலின் அழுத்தம்தான் காரணமோ என்ற கேள்வி இயல்பாக வரும். அதையும் பார்த்தார்கள். பாலை எடுத்துவிட்டு, மடி இலேசாகாதபடி சுக்கிரோசுக் கரைசலை உள்ளே விட்டார்கள். மடி நிறைந்தே இருந்தது, ஆனாலும் சுரப்பு கூடியது. ஆகவே பாலுக்குள் இருக்கும் ஏதோ ஒரு பொருள்தான் கலத்துக்குப் "போதும்" என்று சொல்கிறது.

எந்தப் பொருள் என்பதில் இன்னும் ஒரு முடிவு இல்லை. ஹன்னாக்காரர் ஒரு சிறு புரதம் என்றார்கள். அதை யாரும் உறுதியாகக் கையில் பிடித்துக் காட்டவில்லை. கேசின் புரதம் பாலிலேயே உடைந்து வரும் துண்டுதான் அந்தத் தடை என்று இஸ்ரேல் ஆய்வாளர் சொன்னார்கள். பிறகு செரற்றோனின். மூளையோடு சேர்த்துப் பேசப்படும் அந்தப் பொருளை மடிக்கலங்களும் செய்கின்றன என்று 2000களில் தெரியவந்தது. பால் தேங்கத் தேங்க அது கூடுகிறது, பாற்புரத மரபணுக்களைத் தணிக்கிறது, கலங்களுக்கிடையிலான அந்தத் தையலையும் தளர்த்துகிறது. எனக்குச் செரற்றோனின் விளக்கமே கூடுதலாகப் பொருந்துவதாகப் படுகிறது, ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் சேர்ந்து வேலை செய்கின்றன என்று யாராவது நிறுவினால் ஆச்சரியப்பட மாட்டேன். மாமிக்கு இது எதுவும் தேவையில்லை. மிச்சம் விட்டால் அந்தக் காம்பு குறைக்கும் என்பது மட்டும் போதும்.

மிச்சம் எங்கிருந்து வந்தது

சாடிக் கணக்கு தீனியை விலக்கியது, சோதனைத் தட்டு நோயை விலக்கியது. மிச்சம் எப்படி, ஏன் இடப்பக்கத்தில் மட்டும் நின்றது என்பதை அறிய, அன்று பின்னேரம் கையில் தொலைபேசிக் கடிகாரத்தோடு கறவையைப் பார்த்தேன்.

மச்சான் மடியைக் கழுவினான். பிறகு வாளியைத் தேடி உள்ளே போனான், வந்தான், கயிற்றை இழுத்துக் கட்டினான். கழுவியதிலிருந்து முதல் பீய்ச்சல் வரை மூன்று நிமிடம். வழமைபோல வலப்பக்கம் குந்தி, கைக்கு அருகிலிருந்த வலது காம்புகள் இரண்டையும் பிடித்து முடித்தான், ஐந்தரை நிமிடம். அதன்பிறகுதான் எட்டி இடப்பக்கத்துக்குப் போனான். ஒன்பதாவது நிமிடம். முதலில் இடப் பின், கடைசியாக இட முன். நூலாக வரத் தொடங்கியதும் எழும்பிவிட்டான்.

இப்போது பாலை இறங்கவைக்கும் ஒட்சிரோசின் என்ற ஓமோனுக்கு வருவோம். சிற்றறைக்குள் நிற்கும் பால் தானாகக் கீழே இறங்காது. இரண்டு கறவைக்கு நடுவில் மடியில் சேரும் பாலில் ஐந்தில் ஒரு பங்குதான் காம்புக்கு மேலுள்ள குழியில் நிற்கும். ஏனையது மேலே சிற்றறைகளிலும் நுண்குழாய்களிலும். கன்று முட்டும்போது, மடி கழுவும்போது, வாளிச் சத்தம் கேட்கும்போதுகூட, மூளை ஒட்சிரோசினைக் குருதிக்குள் விடுகிறது. ஒரு நிமிடம் அளவில் அது மடிக்கு வந்து, சிற்றறையைச் சுற்றியிருக்கும் தசைபோன்ற கலங்களை நெருக்கிப் பாலைக் கீழே தள்ளுகிறது. நாங்கள் சுரப்பு விட்டது என்று சொல்வது இதைத்தான். ஆனால் குருதியில் அதன் ஆயுள் சில நிமிடங்கள். மடி கழுவியதும் உடனே தொடங்கி ஏழெட்டு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சொல்வது இதனால்.

1941இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஈலி, பீற்றர்சன் என்ற ஆய்வாளர்கள் செய்த சோதனை எனக்கு எப்போதும் பிடித்தது. பசுவின் முதுகில் பூனையை விட்டார்கள், காகிதப் பைகளை ஊதி வெடித்தார்கள். பயந்த மாடு பாலை ஒளித்துக்கொண்டது. அதிரினலின் ஏற்றினாலும் அதே விளைவு. பாதி மடியின் நரம்பை அறுத்திருந்தும் இரண்டு பாதியும் ஒன்றாகவே சுரப்பு விட்டன, அதனால் கட்டளை குருதிவழியே வருகிறது என்று தெரிந்தது. அந்தப் பொருளை டு வின்யோ என்ற இரசாயனவியலாளர் 1953இல் ஆய்வுகூடத்தில் செய்து, 1955இல் இரசாயன நோபல் பரிசு பெற்றார். அவர்களுக்கு வெகுகாலம் முன்பே எங்கள் ஆட்கள் ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற என்று சொல்லிவைத்துவிட்டார்கள்.

ஆக, மச்சான் இடப்பக்கத்துக்கு வந்தபோது சுரப்பு ஓய்ந்துவிட்டது. குழிக்குள் ஏற்கெனவே இறங்கிய பாலைத்தான் அவன் எடுத்தான். மேலே இருந்தது மேலேயே நின்றது. கடைசியாகப் பிடித்த இட முன் காம்பு எல்லாவற்றிலும் மோசமாக இருந்ததற்கும் இதுவே காரணம்.

சரிபார்க்க ஒன்று செய்தோம். மச்சான் முடித்து இருபது நிமிடம் கழித்து மாமி வந்தார். நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டு, சூடுதண்ணீரால் மடியைத் தடவி, ஒரு பிடி தவிடு வைத்து, இடக்கையால் மட்டும் கறந்தார். வலப்பக்கத்திலிருந்து 60 மில்லிலீற்றர். இடப்பக்கத்திலிருந்து 350. தொட்டால் கையில் ஒட்டும் தடிப்பு.

கன்றின் பங்கும் இங்கேதான் வருகிறது. மாமி கறந்த நாட்களிலும் கொஞ்சம் மிச்சம் நின்றிருக்கும், யார் கறந்தாலும் நிற்கும். கறவை முடிந்ததும் கன்றை அவிழ்த்து விடுவார். அது முட்டி முட்டி, ஒவ்வொரு முட்டலுக்கும் மறுபடி சுரப்பு விடவைத்து, இருந்ததைக் குடித்து முடிக்கும். நான்கு காம்பையும் தினமும் வெறுமையாக்கியது கன்று. அதை விற்ற பிறகு அந்த வேலைக்கு ஆளில்லை. ஒரு கிழமையில் கையும் மாறியது. ஏக்கம் என்று மாமி சொன்னதில் காரணம் வேறாக இருந்தாலும் குற்றவாளி சரி.

கொழுப்புக் கணக்கும் ஒரு அவமானமும்

இதை எழுதாமல் விட மனமில்லை. மச்சான் கறக்கத் தொடங்கிய முதல் இரண்டு மூன்று நாளில் சேகரிப்பு நிலையத்தில் கொழுப்பு அளவு விழுந்திருக்கிறது. "தண்ணி கலக்கிறியளோ?" என்று அங்கே ஒருவர் கேட்டிருக்கிறார். மாமா இரண்டு நாள் சோறு தின்னவில்லையாம்.

பாலின் கொழுப்பு, கறவையின் கடைசியில்தான் குவிகிறது. முதல் பீய்ச்சலில் மிகக் குறைவு, கடைசிப் பாலில் அதைப்போலப் பல மடங்கு. கடைசிப் பாலை மடியில் விட்டுவிட்டால் வாளிக்கு வருவது மெலிந்த பால். கேட்டவர் பாலின் அடர்த்தியைக் காட்டும் பால்மானியைப் பார்த்திருந்தால் சந்தேகம் அங்கேயே தீர்ந்திருக்கும். தண்ணீர் கலந்தால் பாலின் அடர்த்தி இறங்கும். கொழுப்பு மட்டும் குறைந்தால் அடர்த்தி கொஞ்சம் ஏறும், கொழுப்பு தண்ணீரைவிட இலேசானது என்பதால். அன்றைய துண்டுச் சீட்டில் பால்மானி அளவு ஏறித்தான் இருந்தது. மாமா அதைப் பத்திரமாக மடித்து வைத்திருந்தார், ஏன் என்று தெரியாமலே.

ஒரு கிழமைக்குள் கொழுப்பு அளவு பழையபடி வந்துவிட்டது. இன்று விட்ட மிச்சம் நாளைய வாளிக்கு வரும், நாளைய மிச்சம் நாளன்றைக்கு. அதனால் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். முதல் அறிகுறி அப்படிக் கண்முன்னே வந்து போனது.

செய்ததும் கிடைத்ததும்

மாமி புண்ணாக்கைக் கூட்டச் சொன்னார். இரண்டு கிழமைக்கு வேண்டாம் என்று மறித்தேன். தீனியையும் கறவையையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். ஊசிக்கும் இல்லை என்றேன். ஒட்சிரோசின் பாலை வெளியே தள்ளும், உருவாக்காது. அதற்கு மாட்டைப் பழக்கிவிட்டால் பிறகு ஊசியில்லாமல் சுரப்பு விடாமல் போகலாம். இந்த மாட்டுக்கு இயல்பான சுரப்பில் ஒரு குறையும் இல்லை, நேரம்தான் பிழை.

மாற்றியது மூன்று. வாளி, கயிறு, தவிடு எல்லாவற்றையும் எடுத்துவைத்த பிறகுதான் மடியில் தண்ணீர் படும். கழுவி ஒரு நிமிடத்தில் தொடக்கம், இடப்பக்கம் முதலில். மத்தியானம் ஒரு தரம் இடப்பக்கத்தை மட்டும் மாமி இடக்கையால் கறந்து வெறுமையாக்குவார். ஹன்னா ஆடுகளிடம் கடன் வாங்கிய யோசனை.

முதல் இரண்டு நாள் இடப்பக்கத்தில் திடீரென்று கூடியது. அதைப் பார்த்து மச்சான் துள்ளினான். அது புதிதாகச் சுரந்ததல்ல, தேங்கிக் கிடந்தது வந்தது என்று சொல்லி அமத்தினேன். மூன்றாம் நாள் கொஞ்சம் இறங்கி, ஐந்தாம் நாளிலிருந்து மெதுவாக ஏறியது. இதுதான் கலம் வேகம் பிடித்ததன் அடையாளம். தொடங்கும்போது இடப்பக்கம் நாளுக்கு 2 லீற்றர், வலப்பக்கம் 3.4. பதினாலாம் நாள் இடப்பக்கம் 2.8, வலப்பக்கம் 3.3. மொத்தம் 6.1 லீற்றர். மாமியின் கணக்கில் எட்டுப் போத்தலுக்கு ஒரு சொட்டு அதிகம்.

அதற்கு மேல் போகவில்லை. இன்னும் மூன்று கிழமை மத்தியானக் கறவையைத் தொடர்ந்தும் இடப்பக்கம் வலப்பக்கத்தை எட்டவில்லை.

நான் எதிர்பார்த்ததும் அதுதான், ஆனாலும் மனம் கொஞ்சம் சோர்ந்தது. பால் தேங்கும்போது மடி இரண்டு விதமாகக் குறைக்கிறது. மணிக்கணக்கில், நாள் கணக்கில் நடப்பது, இருக்கும் கலங்கள் வேகத்தைக் குறைப்பது. வெறுமையாக்கினால் அது திரும்பும். கிழமைக்கணக்கில் தேங்கினால் கலங்களே தம்மைத்தாம் அழித்துக்கொண்டு எண்ணிக்கையில் குறைகின்றன. உச்சம் கழிந்த எந்த மாட்டிலும் பால் இறங்குவதற்குப் பெரிய காரணம் கலங்களின் எண்ணிக்கை குறைவதுதான்; சிவப்பியின் இடப்பக்கத்தில் அது அவசரமாக நடந்திருக்கிறது. போன கலத்தை அந்தக் கறவைக் காலத்திலேயே திரும்பக் கொண்டுவருவது கடினம். மாமி தொலைபேசி எடுக்க ஐந்து கிழமை காத்திருந்தார். ஐந்தாம் நாளே எடுத்திருந்தால் கதை வேறு.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். மாமி விழுந்த நாளுக்கு முன்பு காம்பு காம்பாக அளந்த கணக்கு என்னிடம் இல்லை. சிவப்பியின் இடப்பக்கம் பிறப்பிலேயே கொஞ்சம் சின்னதாக இருந்திருக்கலாம். மாமி இல்லை என்கிறார். மாமியின் கையை நம்புகிறேன், ஆனால் அது எழுத்திலில்லை.

இப்போது

ஆவணியில் மாமியின் கட்டு அவிழ்ந்தது. மணிக்கட்டு கொஞ்சம் வளைந்துதான் பொருந்தியிருக்கிறது. மத்தியானக் கறவையை நிறுத்தினோம், இடப்பக்கம் 2.7 அளவில் நின்று, பிறகு இரண்டு பக்கமும் சேர்ந்தே இறங்கின. மச்சான் உயிரியல் பாடத்தில் பிரசாரணத்துக்கு இப்போது உருளைக்கிழங்கை எழுதுவதில்லையாம், மடியை எழுதுகிறானாம். விடைத்தாள் திருத்துகிறவர் பாவம்.

மார்கழி நடுவில் சிவப்பியை வற்றவிட்டோம். கன்றுக்கு முன் அறுபது நாள் ஓய்வு. பழைய கலங்கள் கழிந்து புதியவை வளர்வது இந்த ஓய்வில்தான். அதைச் சுருக்கினால் அடுத்த கறவையில் தெரியும். மாரி மழையில் கொட்டிலின் வடக்குப் பக்கம் ஒழுகுகிறது, மாமா கிடுகு தேடிக்கொண்டிருக்கிறார். மாசியில் கன்று. கடும்புப்பால் தீர்ந்த கிழமையே நான்கு சாடியோடு வரச் சொல்லி மாமி சொல்லியிருக்கிறார். இந்த முறை நாகு பிறந்தாலும் நாம்பன் பிறந்தாலும் விற்பதில்லையாம்.